முகம் தெரியாத படம்

நான் படம் எடுத்தால், என் கணவர் எதற்கு முன்னால் நிற்கிறாரோ அது படத்தில் தெரியாது. இது எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை.

போன மாதம் வெள்ளவத்தையில் பஸ் ஏறி, நவீன ஓவியக் கூடம் ஒன்றுக்குப் போனோம். ஒவ்வொரு ஓவியத்துக்கு முன்னாலும், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை நிறுத்துவது போல அவரை நிறுத்தினேன். போய் வந்ததற்கு அத்தாட்சி வேண்டாமா?

"சிரியுங்கோ."

"எத்தின தரமப்பா சிரிக்கிறது? கால் உளையுது."

கடைசி அறையில் காவலுக்கு இருந்த சிங்களப் பெண், இருவரையும் சேர்த்து எடுத்துத் தருவதாகச் சொன்னார். போனைக் கொடுத்து, தலையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அந்தப் பெண்ணோ சிரித்தபடி, எங்களை ஓவியத்தின் பக்கம் திரும்பச் சொன்னார். எனக்குக் கோபம். முகம் தெரியாத படம் என்னத்துக்கு?

ஆனாலும் திரும்பினோம். சுவர் முழுக்க நீலக் கடல். மூலையில் சின்னதாக ஒரு சிவப்பு வள்ளம்.

"இஞ்ச பாரும், ஆளில்லாத வள்ளம்," என்றார் இவர்.

அந்தப் பெண் படம் எடுத்து முடித்து, போனை நீட்டிக்கொண்டு நின்றதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் கனடாவில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன்.

"அக்கா, அத்தான்ர வயிறு வடிவாத் தெரியுது. ஓவியம் எங்க?" என்று கேட்டாள்.

"கடைசிப் படத்தைப் பார்."

பிறகு, "இதில ரெண்டு பேரும் நல்ல வடிவு" என்று எழுதினாள்.

அதைத்தான் பெரிதாக்கி ஹோலில் மாட்டியிருக்கிறோம். முகம் தெரியவில்லையே என்று வருபவர்கள் கேட்கிறார்கள். அன்று நான் பார்த்தது அந்த ஒரு ஓவியத்தைத்தான் என்பதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.