உறியில் உறைந்த தயிர்

கப்பலில் லஸ்கர் வேலை பார்க்கும் லாரன்ஸுக்குக் கயிறுதான் சோறு போடுகிறது. அந்தமானில் லாங் ஐலண்டுக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே பத்து வருஷமாகக் கட்டியும் அவிழ்த்தும் உள்ளங்கை முழுக்க வெடிப்பு. அதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. நாலு வயது மகள் கிளாரா ஓடிவந்து மடியில் உட்கார்ந்தால் போதும், போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் இருக்கும் ஒற்றை அறை வீடே அவனுக்குச் சொர்க்கம். அந்த மடிதான் ஒரு மாதமாகக் காலியாகக் கிடந்தது.

குழந்தைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். சொறிந்து சொறிந்து தோல் சிவந்து கசியும். தூத்துக்குடிச் சொந்தக்காரர்கள் போனிலேயே பத்தியம் போட்டார்கள். மீன் கூடாது, கத்தரிக்காய் கூடாது, தயிர் கூடவே கூடாது. நாலு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு மீன் இல்லாமல் ஒரு பிள்ளை! அவன் மனைவி ஜாக்குலின் அதையும் செய்து பார்த்தாள். பிள்ளைதான் இளைத்தது, கரப்பான் இளைக்கவில்லை.

அப்புறம் கப்பலில் ஒரு பயணி, தயிரில் நல்ல கிருமி இருக்கிறதாம், கரப்பானுக்கு நல்லதாம் என்று சொல்லிவைத்தார். நம் ஆள்தான் எந்தப் புண்ணையும் மேலே எதையாவது பூசியே ஆற்றிப் பழகியவன் ஆயிற்றே. வீட்டுக்கு வந்த கையோடு ஒரு கரண்டித் தயிரை அள்ளிக் குழந்தையின் முழங்கையில் அப்பிவிட்டான். கிளாரா அலறிய அலறலில் அவசர அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான். அன்றிலிருந்து அப்பா கை நீட்டினால் அம்மா பின்னால் ஒளிவாள். தயிரைக் கண்டாலும் அதே ஓட்டம்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா திட்டவில்லை. குளித்த ஈரம் காயும்முன் களிம்பு தடவுங்கள், மீனும் தயிரும் சாப்பிடக் கொடுங்கள் என்றார். தயிரில் கரப்பான் போய்விடுமா என்று கேட்டான். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, வயிற்றுக்கு நல்லது, தோலில் மட்டும் பூசாதீர்கள் என்றார். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

லாங் ஐலண்டில் நீலாவதி அக்கா வீட்டில் மாடு உண்டு. திரும்பும் நாளெல்லாம் அங்கே பால் வாங்கிக் காய்ச்சி, வெதுவெதுப்பில் உறை விட்டு, சட்டிக்குத் தானே ஓர் உறி முடிந்து என்ஜின் அறை வாசலில் தொங்கவிட்டான். அங்கே எப்போதும் ஓர் இளஞ்சூடு. கப்பல் ஆடும், உறி தன்பாட்டில் நேராகத் தொங்கும். தீவுகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்து பின்னால் போகும். நீலம் எங்கே பச்சையாகிறது என்று பார்த்துக்கொண்டே லாரன்ஸ் கண் அயர்வான். அரைத்தூக்கத்தில், பாலும் தன்னோடு சேர்ந்து தூங்குகிறது என்று தோன்றும். போர்ட் பிளேர் வரும்போது தயிர் கட்டியாக உறைந்திருக்கும்.

கிளாரா அதைத் தொடவில்லை. களிம்பில் தோல் தணிந்துகொண்டு வந்தது, பயம் தணியவில்லை. கொண்டுவந்த தயிரை ஒவ்வொரு தடவையும் அவனே தின்றான், ஜாக்குலின் பார்க்காதபோது கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

ஒரு சாயங்காலம் ஈரக் கயிறு இழுத்ததில் உள்ளங்கை வெடிப்பு பிளந்து ரத்தம் கசிந்தது. அதோடேயே வீட்டுக்கு வந்து, சட்டியை இறக்கி வைத்துக் கரண்டியை எடுத்தான். அம்மாவின் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கிளாரா ஓடிவந்து இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கைல பூசாதப்பா, எரியும். வாய்ல போடு."

சொல்லிவிட்டு மடியில் ஏறி உட்கார்ந்து, தன் வாயையும் திறந்து காட்டினாள்.