ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கிய வள்ளம்

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு நாசரேத்தில் பஸ் ஏறினேன். துணிப்பையில் மாற்று வேட்டி, வேதாகமம், மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய பிரசங்கம். ஆறுமுகநேரிக்கு டிக்கெட் எழுபது பைசா. போகிற இடம் புன்னைக்காயலுக்கு அருகே ஒரு கத்தோலிக்க மீனவர் ஊர். பெயரைச் சொல்லமாட்டேன், அவர்கள் கேட்டுக்கொண்டது அப்படி. அங்கே பங்குச் சாமியாராக இருப்பவர் என்னோடு பாளையங்கோட்டையில் படித்தவர். "இப்போது பூசையெல்லாம் தமிழில்தான். உன்னைப் போன்ற ஆளையும் பேசக் கூப்பிடலாம், வா" என்று கார்டு போட்டிருந்தார். ரோமன் கோயிலில் போய்ப் பிரசங்கமா என்று எங்கள் புராட்டஸ்டண்டு சபையில் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொள்ளட்டும்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆறுமுகநேரியில் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. ஒரு டீ இருபது பைசா, அதுவும் உப்புக் கரித்தது. அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் போய் இறங்கி மூன்று மைல் மணலில் நடந்தேன். மீன்கூடையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்த ஒருவர் நின்றார்.

"சார்வாள் எங்க போறிய?"

"கோயிலுக்கு. நாளைக்கு நான்தான் பேசுகிறேன்."

"அப்ப சுருக்கமாப் பேசுங்க. போன தடவை வந்தவுக பேசுன பேச்சுல கஞ்சி ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன வாய்க்கொழுப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன்.

மாலை ஆறு மணி. சாமியார் வீட்டுக் குசினியில் சூடாகச் சோறும் சீலா மீன் குழம்பும். ஊர்த்தலைவர் மிக்கேல் என்னைப் பார்க்க வந்தார். அறுபது வயது, ஒருகாலத்தில் முத்துக் குளித்தவர், பிறகு சங்கு குளித்தவர். மூச்சடக்கிப் பழகிய நெஞ்சு இன்னும் அகலமாக இருந்தது.

"எங்க ஊர்ல சனிக்கிழமை பொழுது சாஞ்சா ஒரு வள்ளம் தண்ணியில இறங்காது சார்வாள். திங்கக்கிழமை விடியணும். கடல்ல மீனு கொட்டிக் கெடந்தாலும் சரி" என்றார்.

என் பிரசங்கமே ஓய்வுநாளை ஆசரிப்பது பற்றித்தான். பிரசங்கம் எழுதினால் இந்த ஊருக்கல்லவா எழுத வேண்டும் என்று பூரித்துப்போனேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பூசை தொடங்கியது. சாமியார் நற்செய்தி வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். நான் எழுந்து காகிதத்தைப் பிரித்தேன். அப்போது கதவருகே ஒரு பெண் விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். ரோசம்மாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"சாமி, அவுக கடலுக்குப் போயிட்டாக. விடியறதுக்கு முன்னாடியே போனவுக இன்னும் வரல்ல!"

அவள் புருஷன் அந்தோணி. சனிக்கிழமை விரித்த வலையை அன்றைக்கே எடுக்க முடியவில்லை. விட்டுவைத்தால் தூத்துக்குடி மோட்டார் லாஞ்சுகள் அறுத்துக்கொண்டு போய்விடும். இருப்பதே ஒரு வலை. ஞாயிற்றுக்கிழமை யாரும் கூட வரமாட்டார்கள் என்று தனியாகக் கட்டுமரத்தில் போயிருக்கிறான். கோயில் மணி அடிப்பதற்குள் திரும்பிவிடலாம் என்ற எண்ணம். ஏழு மணிக்குக் கச்சான் காற்று கிளம்பிவிட்டது. கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்று அது.

அவள் வாய் திறந்ததிலேயே புருஷனைக் காட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கியவனுக்கு அந்த ஊரில் தண்டனை உண்டு. அடுத்த ஞாயிறு பூசை முழுக்க, கையில் எரிகிற மெழுகுவர்த்தியோடு, வெறுங்காலில், கோயிலுக்குள் வராமல் வாசலில் நிற்க வேண்டும். ஊர் முழுக்க அவனைத் தாண்டித்தான் உள்ளே போகும். அந்த அவமானத்துக்குப் பயந்து ஊரைவிட்டே போனவர்கள் உண்டாம்.

மிக்கேல் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "கிழமை தெரியாதா அந்தப் பயலுக்கு?" என்று கத்திவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். மனுஷன் நேரே கடற்கரைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் வள்ளத்தில் தோளைக் கொடுத்தார்.

"ஏலே, என்னல பாத்துக்கிட்டு நிக்கிய? தள்ளுங்கல!"

ஒன்பது பேர் ஓடினார்கள். சாமியார் பூசை உடுப்பைக் கழற்றிவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு வள்ளங்களைத் தள்ளிவிட்டோம். மிக்கேலும் அந்த ஒன்பது பேரும் ஏறிப் போனார்கள். கையிலிருந்த பிரசங்கம் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

ஒன்பதரை, பத்தரை, பன்னிரண்டு. கஞ்சி காய்ச்ச ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. ரோசம்மாள் மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சொல்லாம இருந்தா அவுக செத்துருவாக, சொன்னதுனால அவுக மொகத்துல முழிக்க முடியாது சார்வாள்" என்றாள். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லக் கிளம்பிய நான் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் அது கிடையாது. இருந்தாலும் அவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னேன். அப்படி மனதாரச் சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்தது.

ஒன்றே முக்கால் மணிக்குப் பாய்கள் தெரிந்தன. முதல் வள்ளத்துக்குப் பின்னால் பாய்மரம் முறிந்த கட்டுமரம் கயிற்றில் இழுபட்டு வந்தது. அந்தோணி வள்ளத்துக்குள் சுருண்டு கிடந்தான், உயிரோடு. வலை போய்விட்டது. ரோசம்மாள் அவனை அடித்தாள், கட்டிக்கொண்டாள், மறுபடி அடித்தாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மூன்று மணிக்குப் பூசை விட்ட இடத்திலிருந்து நடந்தது. முடிந்ததும் அந்தோணி மிக்கேல் முன்னால் வந்து தலை குனிந்து நின்றான். "அடுத்த ஞாயிறு நிக்கேன் அண்ணாச்சி" என்றான்.

"நிக்கத்தான் செய்யணும். சட்டம் சட்டந்தான்" என்றார் மிக்கேல். "ஆனா சட்டத்துல அந்தோணின்னு பேர் எழுதலல்லா? ஞாயித்துக்கெழமை வள்ளம் எறக்குன அத்தன பேரும் நிக்கணும். நானும் நிக்கணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சார்வாளும் தள்ளுனியல்லா?"

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே பஸ், அதே எழுபது பைசா. ஞாயிறு காலை மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்றேன். அந்தோணிக்கு ஒருபக்கம் மிக்கேல், மறுபக்கம் நான், சுற்றிலும் மற்றவர்கள். சாமியாரை மட்டும் விட்டுவிட்டார்கள். பூசை வைக்க ஆள் வேண்டுமே. அவரோ பிரசங்கத்தை வாசற்படிக்கு வந்து எங்களோடு நின்றுதான் சொன்னார். கடற்காற்றில் மெழுகுவர்த்திகள் அணைந்துகொண்டே இருந்தன. ஒருவரிடமிருந்து ஒருவர் பற்றவைத்துக்கொண்டே இருந்தோம். தாண்டிப் போனவர்களில் ஒருவர்கூட முகத்தைத் திருப்பவில்லை. அந்தோணி முதலில் தரையைப் பார்த்து நின்றான். பூசை பாதியில் தலையை நிமிர்த்திவிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் சபையை நினைத்துப் பார்த்தேன். நாங்களும் ஒழுங்கு தவறினவர்களைக் கண்டிக்கிறவர்கள்தான். சபைச் செயலாளர் நான். குடித்துவிட்டு ஆராதனைக்கு வந்தார் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் தேவசகாயத்தின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது என் கைதான். அன்றைக்கு அவர் தனியாகக் கோயில் படியிறங்கிப் போனார். கூட ஒருவரும் போகவில்லை. சரியாகத்தான் செய்தோம் என்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

நாசரேத்தில் இறங்கியபோது மாலை ஐந்து மணி. வீட்டுக்குப் போகாமல் தேவசகாயம் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"என்ன வே, இன்னும் என்ன மிச்சம் இருக்கு நீக்கறதுக்கு?"

"ஒண்ணுமில்ல வே. வார ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வாரும். உள்ள விடலன்னா வாசல்ல நிப்போம். நானும் உம்ம பக்கத்துல நிக்கேன்."