அரை மணி நேரம் பார்த்த ஏரி

காலை 6.40க்குப் பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கினேன். அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டுக் கிலோமீட்டர். பேருந்தில் முக்கால் மணி நேரம். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதித் தந்த மருத்துவர், எங்காவது தண்ணீர்ப் பக்கம் போய்ச் சும்மா உட்காரவும் சொல்லியிருந்தார். எழுபத்தாறு வயதில் எனக்கு நினைவு வந்த தண்ணீர் இதுதான்.

8.00. படகுக்கு அறுநூறு ரூபாய். ஓட்டியவர் ஏழுமலை, பசியாவரம் தீவுக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். நடு ஏரியில் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன்.

"போட்டோ எடுக்கல, நாரை எங்கன்னு கேக்கல. இன்னாத்துக்கு சார் வந்த?"

"சும்மா உட்கார."

"மெட்ராஸ்ல அதுக்குக்கூட எடம் இல்லியா?" சிரித்தபடி பீடி பற்றவைத்தார்.

8.40. படகின் விலாவைத் தண்ணீர் மெல்லத் தட்டியது. தூரத்தில் ஒரு மடவை மீன் துள்ளி விழுந்தது. என் மூச்சு எனக்கே கேட்கும் அளவுக்கு அமைதி. மூச்சும் மெல்ல அடங்கிவிட்டது. வடக்குப் பக்கம் ஒரு வலைகூட இல்லையே என்றேன்.

"இன்னிக்கு எங்க பாடு இல்ல சார். ஊர் ஊரா முறை வெச்சிருக்கோம். முறை இல்லாத நாள்ல எவனும் வலை எறக்க மாட்டான்."

எனக்கு அது தெரியும். முப்பது வருடங்களுக்கு முன், தூர்வாரிய மண்ணைக் கொட்ட இடம் பார்க்கும் பொறியாளனாக, இப்படி ஒரு நாளில்தான் வந்தேன். அன்று தண்ணீர் தெளிவாக இருந்தது; காலடியில் நண்டு ஓடுவது தெரிந்தது. கரையில் நண்டு வேகவைத்துக்கொண்டிருந்த ஒருவர், "நாளைக்கு எங்க பாடுப்பா, இருந்து பார்த்துட்டுப் போ" என்றார். ஜீப் காத்திருந்தது. அரை மணி நேரத்தில் கிளம்பினேன். 'இங்கு மீன்பிடிப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மண்ணை அந்தக் கரையோரத் தண்ணீரிலேயே கொட்டினார்கள்.

அமைதி மனதை லேசாக்கும் என்பார்கள். எனக்கு அது மறைந்துகொள்ள இடமில்லாமல் செய்தது. எல்லாவற்றையும் ஏழுமலையிடம் சொன்னேன்.

அவர் கையில் பீடி அணைந்திருந்தது.

"அங்க எறா கொட்டிக் கெடக்கும்னு நைனா சொல்வாரு. எங்க காலத்துல முட்டியளவு சேறுதான். படிச்சவன்தானே சார் நீ?"

"ஆமாம்."

"நண்டு வேவச்சது எங்க பெரிப்பா. ஜீப்புல வந்து போன ஒருத்தர் கதைய இன்னும் சொல்வாரு. கண்ணுதான் தெரியல, காது நல்லா கேக்கும். அவராண்ட சொல்லு."

9.30. என்னைக் கேட்காமலே இன்ஜினைக் கிளப்பிப் படகைப் பசியாவரத்தின் பக்கம் திருப்பினார். அடங்கியிருந்த மூச்சு மறுபடி வேகமாயிற்று. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.