விருந்தாளியின் கக்கூஸ்

எல்லாரும் விடியலை அழகாக எழுதுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிவிட்டேன், எனக்கு இன்னும் வரவில்லை. விடியல் என்றால் எனக்கு அவசரம். வெளுப்பதற்குள் போய் வெளுப்பதற்குள் திரும்பவேண்டிய அவசரம்.

எங்கள் வீட்டில் முதல் கக்கூஸ் கட்டப்பட்டது ஒரு ஜெர்மன்காரப் பெண்ணுக்காக. எண்பதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு சங்கம், பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பி ஏதாவது ஒரு குடும்பத்தோடு சில மாதம் தங்கவைத்தது. நைனா அதில் உறுப்பினர். உத்திரமேரூர் பக்கம் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிறவருக்கு அங்கே இடம் கிடைத்ததே பெரிசு. "எங்க வூட்டுக்கு அனுப்புங்க" என்று எழுந்து சொல்லிவிட்டு வந்தார். சொன்ன பிறகுதான் வருகிறவள் காலையில் எங்கே போவாள் என்ற யோசனை வந்தது.

அம்மா எங்கே போகிறாள் என்ற யோசனை அவருக்கு வந்ததே இல்லை. ஏரிக்கரைக்குப் பின்னால், வேலிகாத்தான் புதர் ஓரம். தவறினால் மறுபடி இருட்டும்வரை அடக்கவேண்டும். அதனால் பெண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. நான் பெரியவளானதும் எனக்கும் தண்ணீர் குறைந்தது. வெயிலில் வந்து சொம்பைத் தூக்கினால், "போதும்டி" என்று அம்மாவின் கை குறுக்கே வரும். கல்யாணமானதிலிருந்து ஒரு கக்கூஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். "சாமி படம் மாட்டிக்கீற வூட்ல கக்கூஸா?" என்பார் நைனா.

ஜெர்மன்காரிக்குச் சாமி வழிவிட்டது.

மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் சிமெண்ட் அறை எழும்பியது. வெள்ளைக்காரர்களுக்குக் குந்த வராது என்று யாரோ சொல்ல, காஞ்சிபுரத்திலிருந்து வைக்கோல் சுற்றி ஒரு வெள்ளைப் பீங்கான் நாற்காலி வந்து இறங்கியது. ஊரே வந்து பார்த்தது. நைனா ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வாளி ஊற்றிக் காட்டினார். கூரத்திலிருந்து வந்த என் தாய்மாமன் எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், இம்மாம் சோக்கா கீதே! பொண்ணு பாக்க வர்றவங்கள இங்கியே குந்தவெச்சிப் பேசலாம் போல" என்றார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்திருந்தாள்.

நைனா பூட்டு வாங்கி வந்தபோதுதான் தெரிந்தது. "குழி சின்னது. வூட்ல கீற அத்தினி பேரும் போனா ரொம்பிப் பூடும். அந்தப் பொண்ணு போறவரைக்கும் தாங்கணும் இல்ல?"

அவள் வந்தாள். நல்ல பெண். அதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். கேழ்வரகுக் கூழை விரலை நக்கி நக்கிக் குடித்தாள், என் பக்கத்தில் பாயில் படுத்தாள். அம்மாவும் நானும் இருட்டில் ஏரிக்குப் போய்த் திரும்பி, கிணற்றில் இறைத்து, அவள் தலைமாட்டுச் சாவியை எடுத்துத் திறந்து, அவள் எழுவதற்குள் அந்த அறையில் வாளிகளை நிரப்பிவைப்போம். அம்மாதான் பினாயில் ஊற்றிக் கழுவினாள்.

அவள் கவனித்துவிட்டாள். ஒருநாள் சாப்பிடும்போது நைனாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

"அம்மாவும் நானும் ஏன் அங்க போறதில்லன்னு கேக்குறா, நைனா."

நைனா பிசைவதை நிறுத்தவில்லை. "நம்ம பொம்பளைங்களுக்கு நாலு பேரோட பேசிக்கினு காத்தாட போய் வர்றதுதான் புடிக்கும்னு சொல்லு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சோற்றுப் பானையைப் பார்த்தாள். சொன்னேன்.

அவள் நம்பினாள். கண்கள் மின்ன நம்பினாள். மறுநாள் இருட்டில் நாங்கள் கிளம்பும்போது டார்ச்சோடு வாசலில் நின்றாள். தடுத்தும் கேட்கவில்லை. கரை ஏறினதும், பாம்புக்குப் பயந்தோ என்னவோ, டார்ச்சை அடித்தாள். புதர் ஓரமெல்லாம் பெண்கள் சடசடவென்று எழுந்தார்கள். புடவையை இறக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பு மாதிரி. இவள் "குட்மார்னிங்" என்றாள்.

"அய்ய, இன்னாடி இது பேஜாரு! யாருடி லைட்டு அடிக்கிறது?"

"இவங்க வூட்டு விருந்தாளிதான்க்கா. ஏம்மே, நாக்காலி போட்டுக் கட்டிக்கினு இங்க இன்னாத்துக்கு இட்டாந்த?"

"நாக்காலி வலிக்குதோ இன்னாவோ!"

இருட்டுக்குள் சிரிப்பு ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்குத் தாவியது. அம்மா திரும்பி நடந்தாள். அன்று முழுக்க அடக்கிக்கொண்டிருந்தாள்.

டீக்கடையில் விஷயம் கேள்விப்பட்டு நைனா கத்திக்கொண்டே வந்தார். "அந்தப் பொண்ண ஏரிக்கரைக்கா இட்டுக்கினு போன? சங்கத்துல தெரிஞ்சா மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது? மானம் பூட்ச்சி!"

"அவ ஒரு நாளு போனதுல பூட்ச்சா?" என்றாள் அம்மா. "நான் இத்தினி வருசமா போறேனே, அதுல போவலியா?"

"அவளும் நீயும் ஒண்ணா?"

கோபமில்லாமல் கேட்டார். நிஜமாகவே புரியாமல் கேட்டார். திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சாவியை அம்மாவின் கையிலேயே கொடுத்தாள். கார் மறைந்ததும் அம்மா துடைப்பத்தை எடுத்தாள். பீங்கான், தரை, சுவர், கதவின் பின்பக்கம் எல்லாம் தேய்த்தாள். முந்தானையில் சாவியை முடிந்திருந்தாள். "நாளைக்கி நீ மெதுவா எழுந்துக்கலாம்டி" என்றாள் என்னிடம்.

நைனா வந்து எட்டிப் பார்த்தார். "கழுவிட்டியா? நல்லதாப் போச்சி. கதவத் தொறந்து வை, காயட்டும். யூரியா மூட்டை வருது. ஈரம் பட்டா கட்டியாப் பூடும்."

சாயங்காலம் இறக்கினார்கள். பீங்கான் மேல் பலகை, பலகை மேல் மூட்டைகள். நைனா சாவிக்குக் கை நீட்டினார். அம்மா முடிச்சை அவிழ்த்து அதைத் தரையில் போட்டாள். அவர் குனிந்து எடுத்துப் பூட்டினார்.

மறுநாள் இருட்டிலேயே அம்மா என்னைத் தட்டி எழுப்பினாள்.