கை நனைக்காத சனிக்கிழமையும் மறுநாள் பூசையும்

மாதாவின் பிள்ளைகளாகிய உங்கள் எல்லோருக்கும் என் அன்பு வணக்கம். என் பெயர் ஜெயசீலி. செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூர் போகிற வழியில் ஒரு சின்ன கிராமம் என் சொந்த ஊர். என் கல்யாணம் நின்றுபோக இருந்தது. ஆண்டவர் அதை நிற்க விடவில்லை. இதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேன், அதனால் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை மத்தியானம். எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் நிறையக் கோழிக்கறி இருந்தது. பாய் விரித்திருந்தது. எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஆனால் ஒருவரும் சாப்பிடவில்லை. அந்தக் கறியைச் சமைத்துக் கொண்டுவந்த அம்மாள் பாத்திரத்தை மூடி, மடியில் வைத்துக்கொண்டு, கண் கலங்க ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அவர்தான் என் மாமியாராக வர வேண்டியவர். நான் வாசலில் நின்று அழுதேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

எப்படி அங்கே வந்து நின்றோம் என்று சொல்ல வேண்டும். நான் குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தேன். ஜோயல் அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தார். பிலிப்பைன்ஸ்காரர். அங்கே எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, பூசைக்குக் கூட்டமெல்லாம் அன்றைக்குத்தான் வரும். பூசையில் பார்த்துப் பழகினோம். பிடித்துப்போயிற்று. இரண்டு வருடம் பழகியபின் வீட்டில் சொன்னோம்.

ஒரே ஊருக்குள் கல்யாணம் பேசினாலே வீடு இரண்டுபட்டுப்போகும். இது இரண்டு நாடு. கல்யாணம் எங்கே, இங்கேயா அங்கேயா? கூறைப்புடவையா, வெள்ளைக் கவுனா? அவர்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு கயிற்றை மாலை போல் போடுவார்கள். "கயிறா? அப்ப தாலி எதுக்கு?" என்று அம்மா கேட்டாள். ஜோயலின் பங்குக் கோயிலிலிருந்து வர வேண்டிய சான்றிதழ்கள் ஒரு பக்கம், எம்பசி ஒரு பக்கம். நல்லவேளையாக எங்கள் பங்குச் சாமியார் பொறுமைசாலி. ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருந்தது.

என் அப்பா, நைனாதான் பிடிகொடுக்கவில்லை. அவர் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், நெல்லும் போடுகிற விவசாயி. ஜோயலை வீடியோவில் பார்த்திருக்கிறார், பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கல்யாணத்துக்குப் பின் நாங்கள் ஜோயலின் ஊரில் இருக்கப்போகிறோம் என்று தெரிந்ததிலிருந்து ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"பையன் நல்ல பையன்தான். ஆனா உனக்கு அங்க ஒண்ணுன்னா நான் எந்த பஸ்ஸ புடிச்சி வர்றது?"

கடைசியில், "மொதல்ல அவங்க ஊட்டுப் பெரியவங்க மொறையா வந்து கேக்கட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றார்.

இதை ஜோயலிடம் சொன்னேன். அவருக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அவர்கள் மொழியில் அம்மாவை நனாய் என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். "நானே அதைத்தான் சொல்ல இருந்தேன். பெண் வீட்டுக்கு நேரில் போய்க் கேட்பதுதான் எங்கள் முறையும்" என்றாராம் நனாய். நாங்கள் இரண்டு பேரும் குதித்தோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே கோயில், ஒரே ஜெபமாலை, இப்போது ஒரே முறையும் கூட என்று நினைத்துவிட்டோம். அதற்கு மேல் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அங்கேதான் இடறினோம்.

நனாய் அதற்கு முன் விமானமே ஏறினதில்லை. முழங்கால் வலி வேறு. மகனுக்காக வந்தார். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் ரூம் போட்டோம். ஜன்னலைத் திறந்து ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பாறையையும் யார் மேலே தூக்கி அடுக்கினது?" என்று கேட்டார். சனிக்கிழமை விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய்க் கோழி வாங்கியிருக்கிறார். லாட்ஜுக்குக் கீழே மெஸ் நடத்துகிற அக்காவிடம் கையாலேயே பேசி அடுப்பை வாங்கிவிட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த வினிகரும் சோயா சாஸும் ஊற்றி, பூண்டு தட்டிப் போட்டு, கறி சமைத்து எடுத்துக்கொண்டு ஜோயலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

எங்கள் வீட்டில் நைனாவும் சித்தப்பாக்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நனாய் எழுந்து நின்று கை கூப்பி, "உங்கள் மகளை என் மகனுக்குக் கொடுங்கள்" என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். என் கல்யாணத்துக்கு நானே தரகர். நைனா அதே பஸ் கேள்வியைக் கேட்டார். நனாய் சிரித்துக்கொண்டே பாத்திரத்தைத் திறந்து, "முதலில் சாப்பிடுவோம்" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகாமல் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிப்பார்கள், பிஸ்கட் எடுப்பார்கள். சோறு மட்டும் கிடையாது. ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதம் என்று அர்த்தம். நைனா கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கோங்கம்மா. முடிவாவாம கை நனைக்கக் கூடாது" என்றார். எனக்கு நாக்கு குழறியது. "இப்போது சாப்பிட மாட்டார்களாம்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

நனாய் முகம் செத்துப்போயிற்று. அவர்கள் ஊரில் பெண் கேட்டுப் போகிறவர்கள் சாப்பாடு கொண்டுபோய் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் முக்கியம். நல்லது கெட்டது எல்லாம் சாப்பிட்டுக்கொண்டேதான் பேசுவார்கள். கொண்டுபோன சாப்பாட்டைத் தொடவில்லை என்றால், வேறு பதிலே வேண்டாம். "புரிந்துவிட்டது" என்று சொல்லி எழுந்துவிட்டார். ஜோயல் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அம்மா பின்னாலேயே போனார்.

நைனாவுக்கு வந்ததே கோபம். "பேச்சு முடியறதுக்குள்ள எழுந்துனு போறாங்க! இவங்கள நம்பியா பொண்ண உடறது?"

ஜோயல் போனில் அவர்கள் முறையைச் சொன்னதும் நான் அழுதுகொண்டே நைனாவுக்கு விளக்கினேன். நைனா கேட்டுக்கொண்டார். "அது அவங்க ஊரு பழக்கம். எனக்கு என் ஊரு பழக்கம்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஜோயல் மறுபடி போன் செய்தார். எங்கள் பழக்கத்தை எவ்வளவு சொல்லியும் கேட்காமல் நனாய் பெட்டி கட்டுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை பார்க்காமல் எங்கேயும் கிளம்ப மாட்டாராம். அதனால் காலையில் எங்கள் கோயிலில் பூசை, அங்கிருந்தே சென்னை. அவ்வளவுதான்.

சாயங்காலம் கோயில் மணி அடித்தபோது நான் மாதா சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும் நான் செய்த ஜெபமெல்லாம் வக்கீல் வாதாடுகிற மாதிரி இருக்கும். நைனா மனசை மாற்று, விசாவைக் கொடு, தேதியைக் கொடு என்று வரிசையாகக் கேட்பேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ஜெபமாலை கையில் இருந்தது, உருட்டவும் முடியவில்லை.

"தாயே, எனக்குப் பேசத் தெரியல. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நின்னு பேசி நான்தான் கெடுத்தேன். இனிமே நான் பேசல. நீயே பேசு."

இவ்வளவுதான் ஜெபித்தேன். வீட்டுக்கு வந்து படுத்தேன். மனசு லேசாகவெல்லாம் இல்லை, பயமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மறுநாள் பூசை தொடங்குகிற நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. நனாய் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். குனிந்து தன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். எங்கள் கோயிலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், எல்லோரும் தரையில்தான். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். என் அம்மா நகர்ந்து இடம் விட்டாள். நனாய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் இருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

திறக்க வேண்டிய தேவையே வரவில்லை! பூசை தமிழில். நனாய்க்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் எங்கே எழுந்து நிற்க வேண்டுமோ அங்கே நின்றார். எங்கே பதில் சொல்ல வேண்டுமோ அங்கே தன் மொழியில் சத்தமாகச் சொன்னார். பரலோக மந்திரத்தை நாங்கள் ஒரு மொழியில் சொல்ல, அவர் ஒரு மொழியில் சொல்ல, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் முடிந்தன. சமாதானம் சொல்லும்போது அம்மா அவர் கையைப் பிடித்தாள். பிடித்தவள் உடனே விடவில்லை.

நற்கருணைக்கு வரிசை. ஆண்கள் வரிசையில் ஜோயலுக்குப் பின்னால் நைனா. யாரும் திட்டம் போட்டு நிறுத்தவில்லை. வாங்கிவிட்டு எல்லோரும் வந்து உட்கார்ந்தோம். நனாய் மட்டும் உட்காரவில்லை. வெறும் தரையில், வலிக்கிற முழங்காலில், கண்ணை மூடிக்கொண்டு முட்டி போட்டபடியே இருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஆண்கள் பக்கமிருந்து நைனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். ஆட்டோ நின்றிருந்தது, உள்ளே பெட்டி தெரிந்தது. நைனா நேராக நனாயிடம் போய் நின்றார்.

"சொல்லும்மா அவங்களுக்கு" என்றார் என்னிடம். "சாமி பந்தியில ரெண்டு ஊடும் ஒண்ணா சாப்ட்டாச்சு. இதுக்கு மேல இன்னா தனியா கை நனைக்கறது? நேத்து கறி இருக்குதா, கொட்டிட்டாங்களா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எங்கே மொழிபெயர்ப்பது! நைனா பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரே தன் கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிற மாதிரி காட்டினார். நனாய்க்குப் புரிந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார். கறி மெஸ் அக்காவின் அடுப்படியில் பத்திரமாக இருக்கிறதாம். பெட்டியை மறக்காமல் எடுத்தவர், கோபத்தில் கறியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். வினிகர் ஊற்றினது, மறுநாள்தான் இன்னும் ருசியாக இருக்குமாம். ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு ஜோயல் செஞ்சிக்குப் பறந்தார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் கை நனைத்தோம். முதல் வாய் நைனாதான். கொஞ்ச நேரம் மென்றார். "நல்லாத்தான் இருக்குது. ரெண்டு மொளகா கிள்ளிப் போட்டிருக்கலாம்" என்றார். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஜோயலிடம், "இன்னொரு துண்டு வைக்கச் சொல்லு மாப்ள" என்றார். மாப்ள என்ற வார்த்தை ஜோயலுக்குத் தெரியும், நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பாவம், சோற்றைப் பிசைந்த கையோடேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு அம்மா நைனாவிடம் கேட்டாள், "நேத்து அந்தக் குதி குதிச்சியே, இன்னிக்கு இன்னா ஆச்சு உனக்கு?"

நைனா சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "அந்தம்மா முட்டி போட்னு இருந்தத பாத்தேன். நம்மள திட்டி ஜெபிக்கற மூஞ்சி இல்ல அது. நேத்து அவ்ளோ அசிங்கப்பட்டும் நம்ம கோயில்லயே வந்து முட்டி போடுது. இவளுக்கு அங்க ஒண்ணுன்னா நான் போய்ச் சேர்றதுக்குள்ள, இவளுக்காக முட்டி போட அங்க ஒரு ஆளு இருக்குது. போதும்."

நீயே பேசு என்று நான் மாதாவிடம் கேட்டேன். யாருமே பேசாத இடத்தில் அவர் பேசிவிட்டார்.

பாஸ்கா, அதாவது ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் வைத்தோம். அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் ஜோயலின் குடும்பப் பெயரில் சாமியார் தடுமாறினார், மூன்றாவது வாரம் கோயிலே சிரித்துவிட்டது. தாலி கட்டினார் ஜோயல். அதன்மேல் நனாய் கொண்டுவந்த கயிற்றையும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டார்கள். அம்மாவே முன்னால் நின்று அதைச் சரிசெய்துவிட்டாள்.

இப்போது நாங்கள் ஜோயலின் ஊரில் இருக்கிறோம். ஒரு பெண் குழந்தை. நைனாவும் நனாயும் ஞாயிறுதோறும் போனில் பார்த்துக்கொள்கிறார்கள். இவர் வயலைக் காட்டுவார், அவர் மீனைக் காட்டுவார், பத்து நிமிடம் போகும். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. நானும் மாறியிருக்கிறேன். கடவுளுக்கு யோசனை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

போன மாதம் என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்களாம். முறைப்படி அவர்களும் சாப்பிட மாட்டோம் என்று விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள். நைனா விடவில்லையாம்.

"வெயில்ல வந்திருக்கீங்க. நல்லா சாப்ட்டுட்டு, புடிக்கலன்னா வேணான்னு சொல்லிட்டுப் போங்க. தப்பில்ல."

இதைப் போனில் கேட்டு நானும் ஜோயலும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு நல்ல காரியம் பாதியில் நின்றுகொண்டிருக்கலாம். பேசிப் பேசி ஓய்ந்துபோயிருப்பீர்கள். உங்கள் நியாயம் உங்களுக்கு, அவர்கள் நியாயம் அவர்களுக்கு. ஒரு தடவை வாதாடுவதை நிறுத்திவிட்டு, மாதாவின் காலடியில் போய்ச் சும்மா உட்காருங்கள். பயத்தோடு போனாலும் பரவாயில்லை, நானும் பயத்தோடுதான் போனேன். உங்களுக்கு நல்லது வர வேண்டும் என்று இன்றைக்கு இங்கே நானும் நனாயும் முட்டி போடுகிறோம்.