இஸ்திரி வண்டிக்கு நேர் கீழே

பாதாளச் சாக்கடைக்குள் ஒரு குட்டி கேமரா வண்டியை அனுப்பிவிட்டு, குழாய் எங்கெல்லாம் அரித்திருக்கிறது என்று மேலே வேனில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. மூக்கைப் பொத்தாதீர்கள், ரோடு எப்போது உள்வாங்குமோ என்று பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும் நீங்களும் நானும் ஒரே கட்சிதான்.

வெள்ளை

தி.நகரில் ஒரு சின்னத் தெரு. குழாயை அரிப்பது கீழே ஓடும் தண்ணீர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை. அதிலிருந்து கிளம்பும் வாயு மேலே போய் ஒட்டி, அமிலமாகி, குழாயின் தலையைத் தின்னும். தின்ற இடம் வெள்ளை வெளேரென்று பொருமித் தொங்கும். கேமரா மெதுவாக ஊர்ந்து போகப் போக, நான் எங்கே இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிடும்.

அன்றும் அப்படித்தான் சொக்கிப்போயிருந்தேன். பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம். எதிர்வீட்டு மாமா, ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார், எப்போது வந்தாரோ, திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பத்ரிநாத் போய்ப் பனியைப் பார்க்கலையேன்னு ஒரு குறை இருந்தது. எங்காத்து வாசலுக்குக் கீழேயே இருந்திருக்கு, பாருங்கோ."

புங்க மரத்து நிழல்

வெள்ளை அதிகம் தொங்கிய இடத்தைக் கேபிள் நீளத்தை வைத்து அளந்து போய் நின்றால், கஸ்தூரி அக்காவின் இஸ்திரி வண்டி. கரிப்பெட்டி, துணி மூட்டை, அக்கா, அத்தனை கனமும் அந்தக் குழாயின் தலைமேல். கொஞ்சம் நகர்த்துங்கள் என்றேன். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை எடுத்துவிட்டு அரசாங்கம் அவர்களை ஊருக்கு வெளியே குடிவைத்துவிட்டதாம். அங்கிருந்து ரெண்டு பஸ் மாறி வருவதே இந்த இடத்தை நம்பித்தானாம். ஒருநாள் விட்டால் எவனாவது காரை நிறுத்திவிடுவானாம்.

"வூட்ட எடுத்தப்பவும் உன்ன மாதிரி ஒருத்தர் நல்லபடியாத்தான் சார் பேசினாரு."

ரோஸ்

பக்கத்து மேன்ஹோல் வழியாகக் குழாயின் தலையிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து, அதை உடைத்து மருந்து தெளிப்போம். கான்கிரீட்டில் உயிர் இருந்தால் ரோஸ் கலர் வரும். தெளித்தேன். அக்கா வேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கொஞ்சமாவது வாயேன் என்று நானும் வேண்டிக்கொண்டேன். காற்றுக்குப் புங்கம்பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. துண்டின்மேல் விழுந்த பூவில் இருந்த ரோஸ்கூட துண்டில் இல்லை.

அக்கா எழுந்துபோய்க் கரியைத் தணித்தார். வண்டியை எதிர்ப்பக்க வெயிலுக்குத் தள்ள நானும் கை கொடுத்தேன்.

"அந்த எடம் என்னுதுன்னு எழுதிக் குடு சார்."

அடையாளம்

இடத்தை எழுதிக்கொடுக்க நான் யார்? ஆனால் அறிக்கையில் பழுது எங்கே இருக்கிறது என்று ஏதாவது அடையாளம் சொல்லியாக வேண்டும். 'கஸ்தூரி இஸ்திரி வண்டி வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேர் கீழே' என்று எழுதி, ஒரு நகலை அக்காவிடம் கொடுத்தேன். அடுத்த மழையிலேயே அந்த இடம் பொத்தென்று உள்ளே போய்விட்டது. நல்லவேளை, ஆள் யாரும் இல்லை.

புதுக் குழாய் போட்டு ரோட்டை மூடிய அன்றே அங்கே ஒரு கார். அக்கா சண்டைக்குப் போகவில்லை. வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிய இன்ஜினீயரிடம் நகலை நீட்டியிருக்கிறார். அவர் படித்துப் பார்த்துவிட்டுக் காரை எடுக்கச் சொல்லியிருக்கிறார். நான் போனபோது வண்டி நிழலில் நின்றது.

"நான் இங்க நின்னாத்தான் சார், உன் கொழா எங்க கீதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

இத்தனை வருடத்தில் நான் எழுதிய அறிக்கைகளில் கசங்காமல் இருப்பது அந்த ஒன்றுதான். துணியோடு துணியாக அக்கா அதற்கும் இஸ்திரி போட்டுவிடுகிறார்.