மூன்று தண்ணீர் கழுவிய பாட்டில்

மகளுக்குக் காய்ச்சல் என்று போன மாதம் ஆட்டையாம்பட்டி டாக்டரிடம் போனேன். அங்கே கலக்கிக் கொடுக்கும் மிக்சர் மருந்துக்குப் பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அன்று சேலத்திலிருந்து ஓர் அதிகாரி டிஸ்பென்சரியைச் சோதிக்க வந்திருந்தார். டாக்டருக்கு வம்பு வந்துவிடுமோ என்று பயந்தாலும், அவர் என்னதான் பார்க்கிறார் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஊசி, தராசு, அலமாரி எதிலும் குறையில்லை. கம்பவுண்டர் என் பாட்டிலில் ஊற்றி வைத்த மிக்சரை முகர்ந்ததும் அதிகாரியின் முகம் மாறியது.

"முன்னே இதில் என்ன இருந்தது?"

"மூட்டைப்பூச்சி மருந்துங்க. மூணு தண்ணி கழுவித்தானுங்க கொண்டாந்தேன்."

"நல்லாக் கழுவுனீங்க போங்க. காச்சலோட புள்ளையும் போயிருக்குமுங்க" என்றார் கம்பவுண்டர்.

"உமக்கு மூக்கில்லையா?" என்று அதிகாரி அவரையும் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் அதைக் கொட்டிவிட்டு வேறு பாட்டிலில் கொடுத்தார். இப்போது மருந்துக்கென்றே புதுப் பாட்டில் வைத்திருக்கிறேன். அப்படியும் நான் முகர்ந்து, வீட்டுக்காரியும் முகர்ந்த பிறகே கிளம்புகிறேன்.